97 புள்ளி எடுத்த பேரனிடம் என்ன கேட்பீர்கள்?

பேரன் பள்ளி விட்டு வந்து, கணக்கில் 97 புள்ளி என்கிறான். நம் வீடுகளில் அடுத்த கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மீதி மூணு எங்கே போச்சு?" நாம் சிரித்துக்கொண்டேதான் கேட்கிறோம். பிள்ளை அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் கேள்வியின் வேர் உங்களுக்குத் தெரியும். கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்களிலும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் வளர்ந்த பலருக்குப் படிப்பு ஒன்றே முன்னேறும் வழி. ஒரு சோதனையில் தவறினால் மறு வாய்ப்பு நிச்சயமில்லை. அந்தப் பயம் நியாயமானது. அதே பயத்தோடு உங்கள் பிள்ளைகளை வளர்த்தீர்கள்; இன்று அவர்கள் தங்கள் பிள்ளைகளை அப்படியே வளர்க்கிறார்கள். யூ.பி.எஸ்.ஆர். சோதனை 2021-இலும் பி.டி.3 சோதனை 2022-இலும் நீக்கப்பட்டுவிட்டன. "எத்தனை ஏ?" என்ற கேள்வி மட்டும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு வரை வருகிறது.

பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. கண்டிப்பும் தவறில்லை, அதோடு அன்பும் இருந்தால். புள்ளி குறைந்தால் அன்பும் குறையும் என்று பிள்ளை நினைக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 263 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை ஏழு வயதிலிருந்து சில ஆண்டுகள் கவனித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைக்கு ஒரு புதிர் விளையாட்டு. குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தேவைப்பட்டால் உதவலாம் என்று பெற்றோரிடம் சொன்னார்கள். சில பெற்றோர் பிள்ளை யோசிக்கும்வரை பொறுத்திருந்தார்கள். சிலர் குறுக்கே கை நீட்டி, பிள்ளை செய்ததை மாற்றித் தாங்களே செய்தார்கள். அப்படி அதிகம் குறுக்கிட்ட பெற்றோரின் பிள்ளைகளிடம், 'எனக்கு எதுவும் சரியாக வராது' என்று தன்னைத் தானே குறை சொல்லும் குணம் கூடுதலாகக் காணப்பட்டது. அந்தக் குணம் வளர்ந்த பிள்ளைகளிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாக இருந்தன. பிரம்பு எடுத்தால்தான் பிள்ளைக்குப் பாதிப்பு என்றில்லை. குறுக்கே நீளும் கையும் போதும்.

பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும்வரை, வீட்டுப்பாடத்தின்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நீங்கள்தான். எனவே இது உங்கள் கையையும் சேர்த்துச் சொன்னது. பிள்ளை தப்பாக எழுதினால் உடனே அழிரப்பரை எடுக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அவனே கண்டுபிடிக்கட்டும். 97 என்று வந்தால், "எந்தக் கேள்வி கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் சோதனையில் தோற்ற கதை ஏதும் இருந்தால் அதையும் சொல்லலாம். பிள்ளைகளுக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

மகளோ மருமகளோ பிள்ளையைத் திட்டும்போது, பிள்ளையின் முன்னால் தடுக்க வேண்டாம். பிறகு தனியாகப் பேசுங்கள். பிள்ளையிடம் குறையே கூடாது என்று நினைக்கும் பெற்றோர் பலர் தங்களையும் அப்படித்தான் வாட்டிக்கொள்கிறார்கள். "நீ நல்லாத்தாம்மா வளர்க்கிறே" என்று உங்கள் வாயால் அவர்கள் எப்போதாவது கேட்டிருக்கிறார்களா?

தாள் கிழியும்வரை அழித்து அழித்து எழுதுவது, தப்பாகிவிடும் என்று எழுதவே தொடங்காமல் இருப்பது, சோதனைத் தாளை ஒளித்து வைப்பது, பள்ளி நாளில் மட்டும் வயிற்று வலி, தூக்கமின்மை, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற பேச்சு. இவற்றைப் பிடிவாதம் என்று ஒதுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பெற்றோரிடம் சொல்லிப் பிள்ளையை அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். 2022-இல் நம் நாட்டில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பது தெரிய வந்தது. புள்ளி மட்டுமே அதற்குக் காரணம் அல்ல. ஆனால் இது நம் வீட்டிலும் வரக்கூடிய ஒன்று.

சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். தனியே விடாமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். போலீஸ் வழக்கு வருமோ என்று அஞ்சித் தயங்க வேண்டாம்: தற்கொலை முயற்சி மலேசியாவில் 2023 முதல் குற்றமல்ல. மற்ற நேரங்களில் ஆலோசனை கேட்க, சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555. பேரனுக்காக நீங்களே அழைத்துப் பேசலாம்.