நாரி நோவும் திருவென்பு மூட்டும்

நாரி நோகின்றதென்று வைத்தியரை நாடி வருவோருள் ஒரு சாரார் உளர். நோ எவ்விடத்திலென்று கேட்டால், அவர்கள் கையைப் பின்னே கொண்டுசென்று ஒரே விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுவர். முள்ளந்தண்டின் நடுவையன்று, சற்றுப் பக்கமாக, பிட்டத்தின் மேற்புறத்தில் சிறு குழிபோலத் தோன்றும் இடத்தின் அடியை. மறுபடி கேட்டாலும் விரல் அங்கேயே செல்லும். நெடுநேரம் இருந்து எழும்போதும், படுக்கையிற் புரளும்போதும், படியேறும்போதும் அவ்விடத்தில் ஊசியாற் குத்தினாற்போல வலி எழும். எண்ணெய், ஒத்தடம், மாத்திரை என்று ஆண்டுகள் கழியும். முள்ளந்தண்டைப் படம் பிடித்துப் பார்த்தால், அங்கே குறிப்பிடத்தக்க குறை எதுவும் தென்படாது. அதனால், வலி மனத்தின் கற்பனையே என்று வீட்டாரும் சில வேளைகளில் வைத்தியரும் எண்ணத் தலைப்படுவர். நோயாளிக்கு நோவினும் கொடியது இச்சொல்லே.

அவ்விரல் காட்டும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கின்றது. முள்ளந்தண்டின் அடியில் ஐந்து என்புகள் ஒன்றாக ஒட்டி, முக்கோண வடிவான ஆப்புப்போல அமைந்துள்ளன. இதுவே திருவென்பு. இலத்தீன் மொழியிலும் இதற்குப் புனித என்பு என்பதே பெயர். இதன் இருமருங்கிலும் அகன்ற இடுப்பென்புகள் நிற்கின்றன. இவை திருவென்பைச் சந்திக்கும் இடங்களே மேற்கூறிய மூட்டுக்கள். மூட்டின் பரப்பு காதுமடலை ஒத்திருக்கும். தலை, கைகள், மார்பு, வயிறு ஆகிய அனைத்தின் பாரமும் இவ்விரு மூட்டுக்களின் வழியாகவே கால்களுக்கு இறங்குகின்றது. அதனாலேயே உடலின் மிக வலிய இணைப்பு நார்களுட் சில இங்கே அமைந்துள்ளன. முழங்காலைப் போல இம்மூட்டு மடங்கி நீள்வதில்லை. அதன் அசைவு ஒரு சில பாகைகளுக்கு மேற்படாது. இவ்வளவு சிறிய அசைவு இத்துணைப் பெருந்துன்பம் விளைக்குமோ என்ற ஐயம் இயல்பானதே. நெடுங்காலம் வைத்திய உலகமும் அவ்வாறே ஐயுற்றது.

தொடக்கத்தில் அந்த ஐயம் இருக்கவில்லை. 1905ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்டன் நகரைச் சேர்ந்த கோல்ட்வெயிற், ஒஸ்குட் என்னும் வைத்தியர்கள், நாரி நோவுக்கு இம்மூட்டுக்கள் காரணமாகலாம் என்று எழுதினர். அதன்பின் சில காலம் நாரி நோவென்றாலே இம்மூட்டின் மீது பழி விழுந்தது. சிமித்-பீற்றர்சன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், மூட்டின் இரு பக்கங்களையும் ஒட்ட வைத்து அசைவை நிறுத்தும் முறையொன்றை வகுத்து, அதன் பலன்களை 1926இல் வெளியிட்டார். பின்னர், 1934இல், அதே பொஸ்டனிலிருந்து மிக்ஸ்ரர், பார் என்னும் இருவர், முள்ளந்தண்டென்புகளுக்கு இடையிலுள்ள வட்டத்தட்டு பிதுங்கி நரம்பை நெரிப்பதே காலுக்கு இறங்கும் வலிக்குக் காரணமாவதைக் காட்டினர். எல்லோருடைய கவனமும் வட்டத்தட்டின் பக்கம் திரும்பிற்று. திருவென்பு மூட்டு ஏறத்தாழ மறக்கப்பட்டது. வைத்தியத்திலும் நாகரிகம் மாறுவதுண்டு.

இக்காலத்து மதிப்பீடுகளின்படி, நாட்பட்ட நாரி நோவுடையோருள் நூற்றுக்கு 15 முதல் 30 வரையானோருக்கு இம்மூட்டின் பங்கு உண்டு. பிட்டம் அடிபட விழுந்தோர், முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியை ஒட்டவைக்கும் சிகிச்சை முன்னர் பெற்றோர், பிள்ளைப்பேற்றின் பின் தாய்மார் ஆகியோர் இவர்களுட் பலர். கருவுற்ற காலத்தில் இணைப்பு நார்கள் இயல்பாகவே தளர்கின்றன. அத்தளர்ச்சி பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் நீங்கிவிடும். ஒரு சிலருக்கு வலி மட்டும் எஞ்சி நிற்கும்.

நோயைத் துணிவதே இங்கு முதற் சிக்கல். எக்ஸ்-கதிர்ப் படம் பெரும்பாலும் உதவாது. வலியில்லாதோரின் மூட்டிலும் தேய்வு தெரியும். ஆகையால் வைத்தியர் இடுப்பை அழுத்தியும் விரித்தும் தொடையைத் தள்ளியும் பல சோதனைகள் செய்வார். அவற்றுள் மூன்றேனும் பழகிய அதே வலியை எழுப்பினால் ஐயம் வலுப்படும். அதன் பின்னர், எக்ஸ்-கதிர் வழிகாட்ட, மூட்டினுள்ளே விறைக்கப்பண்ணும் மருந்தை ஊசியால் ஏற்றுவர். சிறிது நேரத்தில் வலியின் பெரும்பகுதி அடங்கினால் குற்றவாளி அகப்பட்டது எனலாம். இளவயதினருக்குக் காலையில் நெடுநேரம் விறைப்பும், நடமாடினால் ஆறுதலும் இருந்தால், அது மூட்டழற்சி நோயாக இருக்கக்கூடும். அதற்கு மருந்தே வழி, கத்தியன்று.

நோய் இதுவெனத் துணிந்த பின்னரும் சத்திரசிகிச்சை உடனே வருவதில்லை. இயன்மருத்துவரின் பயிற்சிகள், இடுப்புப் பட்டி, மருந்து, ஊசி ஆகியவற்றை ஆறு மாதமேனும் முயன்ற பின்னரே அதைப் பற்றிப் பேசுவர். பழைய முறையில் நீண்ட வெட்டு, மிகுந்த இரத்தப்போக்கு, மாதக்கணக்கிற் படுக்கை. புதிய முறையில், மயக்க மருந்து பெற்றுக் குப்புறக் கிடக்கும் நோயாளியின் பிட்டத்தின் பக்கத்தில் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் நீளமான வெட்டே போதும். எக்ஸ்-கதிர்த் திரையைப் பார்த்தவாறு, இடுப்பென்பின் ஊடாக மூட்டைக் கடந்து திருவென்பினுள் ஒரு கம்பியைச் செலுத்தி, அதன் வழியே துளையிட்டு, சிறு உலோக ஆப்புக்களை அடித்து இறுக்குவர். மூன்று ஆப்புக்கள் வைப்பது வழக்கம். ஒரு மணி நேரமளவில் வேலை முடியும்.

ஆப்புக்கள் தைத்தேனியம் என்னும் உலோகத்தாலானவை. புல்மோட்டைக் கருமணலில் அடங்கிய இல்மனைற்றும் இவ்வுலோகத்தின் தாதுவே. உடல் இவ்வுலோகத்தை வெறுப்பதில்லை. கரடான அதன் மேற்பரப்பில் என்பு வளர்ந்து பற்றிக்கொள்ளும். ஆப்பு உருண்டையாயின் துளையினுள் திரும்பக்கூடும் என்பதால், முக்கோண வடிவான ஆப்புக்கள் ஆக்கப்பட்டன. அவற்றுக்கு ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2008இல் அனுமதி வழங்கியது. சில வாரங்கள் ஊன்றுகோல்களுடன் நடந்து, பின்னர் சிறிது சிறிதாகக் காலிற் பாரம் வைக்க வேண்டும். ஆபத்தே இல்லையென்று கூற முடியாது. திருவென்பின் துளைகளினூடாக நரம்புகள் செல்கின்றன; ஆப்பு சற்றே வழி தவறினால் காலில் மின்னலடித்தாற்போன்ற வலி தோன்றி, மறுபடி வெட்டி அதை எடுக்க நேரும். கிருமி தொற்றலாம், ஆப்புத் தளரலாம்.

இனி, பலன் எவ்வாறு? ஐக்கிய அமெரிக்காவில் 19 வைத்திய நிலையங்களில் 148 நோயாளர்களை இரு பகுதியாக்கிச் செய்த ஆராய்ச்சியொன்று 2015இல் வெளியாயிற்று. ஆறு மாதங்களின் பின் சத்திரசிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் நலமடைந்தனர். ஏனையோருள் 24 பேரளவினரே நலமடைந்தனர். இலக்கங்கள் கண்ணைக் கவர்வன. ஆனால் ஆப்பைச் செய்யும் கம்பனியே அதற்குப் பணம் கொடுத்தது. யாருக்கு எச்சிகிச்சை என்பதை நோயாளர் அனைவரும் அறிந்தும் இருந்தனர். சத்திரசிகிச்சை பெற்றவர் நலத்தை எதிர்பார்ப்பார். அதைப் பெறாது விடப்பட்டவர் ஏமாற்றமடைவார். வலியோ, எதிர்பார்ப்புக்கு மிக எளிதில் இணங்குவது.

எனவே, நோர்வேயிலும் சுவீடனிலும் வைத்தியர்கள் கடினமான ஒரு சோதனையை மேற்கொண்டனர். நோயாளர்கள் 63 பேரின் உடன்பாட்டுடன், ஒரு பகுதியாருக்கு உண்மையான சத்திரசிகிச்சை செய்தனர். மறு பகுதியாருக்கு மயக்க மருந்து கொடுத்துத் தோலை வெட்டி, ஆப்பு வைக்காமலே தைத்தனர். தமக்கு நிகழ்ந்தது எதுவென்று நோயாளர் அறியார். 2024இல் பெறுபேறு வெளியாயிற்று. ஆறு மாதங்களின் பின் இரு பகுதியாருக்கும் நோ குறைந்திருந்தது. ஆப்பு வைத்தோர் மற்றவர்களிலும் மேலானவர் என்று துணியத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

அறுபத்து மூவர் சிறு தொகையினரே. ஆறு மாதமும் நெடுங்காலமன்று. ஆகையால் இச்சிகிச்சை பயனற்றதென்று இதனால் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் முன்னைய இலக்கங்களை அப்படியே நோயாளி முன் எடுத்துவைப்பது இனிப் பொருந்தாது. சத்திரசிகிச்சை செய்யலாம் என்று கூறப்பட்டவர், விறைப்பு மருந்தேற்றியபோது தம் வலி எவ்வளவு குறைந்தது, அச்சோதனை ஒரு முறைக்கு மேல் நடந்ததா, பயிற்சிகளை முறைப்படி எத்தனை மாதம் செய்தோம் என்பவற்றைத் தம் வைத்தியரோடு இருந்து பேசிக்கொள்ளலாம். அவசரம் ஏதுமில்லை, இம்மூட்டின் நோ உயிரைக் கொள்வதன்று.