‘முனை’ என்னும் சொல்லும் மின்னிணைப்புக் குறிப்புகளும்

ஆலைகளில் அழுத்தம், வெப்பநிலை முதலியவற்றை அளந்து கட்டுப்பாட்டறைக்குத் தெரிவிக்கும் கருவி டிரான்ஸ்மிட்டர் எனப்படும். வானொலித் துறையில் வழங்கும் ‘பரப்பி’ என்னும் சொல் இதற்குப் பொருந்தாது, ‘அளவுசெலுத்தி’ எனலாம்.

இருகம்பி வகையில், 24 வோல்ட் நேர்த்திசை மின்சாரம் வழங்கும் அதே இரு கம்பிகளிலேயே 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான குறிகையும் அமைகிறது. ‘மின்வழங்கல் கம்பிகளும் குறிகைக் கம்பிகளும்’ என உம்மை கொடுத்துப் பெயர்த்தால் படிப்பவர் நான்கு கம்பிகளைத் தேடுவார். நான்குகம்பி வகைக்கு மட்டுமே அத்தொடர் தகும். அளவு சுழியாயினும் 4 மில்லிஆம்பியர் ஓடும். கம்பி அறுந்தால் மின்னோட்டமே இராது. எனவே சுழிக்குறிகை வேறு, குறிகையின்மை வேறு.

பெரிய இடர்ப்பாடு ‘முனை’யில் உள்ளது. கம்பியைத் திருகி இறுக்கும் டெர்மினலும் முனை. வடம் முடியும் இடமும் முனை. ‘வடத்தின் கவசத்தை ஒரு முனையில் மட்டும் நிலத்தோடு இணைக்க’ என்னும் தொடரைப் படிக்கும் பணியாளர், கருவியில் ஒரு டெர்மினலிலும் கட்டுப்பாட்டறையில் ஒரு டெர்மினலிலும் எர்த் கொடுத்துவிடக்கூடும். அவரளவில் அவர் தொடரை மீறவில்லை. ஆனால் ஈரிடத்து நிலமும் ஒரே மின்னழுத்தத்தில் இராதாகலின் கவசத்தின் வழியே மின்னோட்டம் பாய்ந்து அளவு பிறழும்.

வடம் முடியும் இடத்தைத் தெருக்கோடி என்பதுபோலக் ‘கோடி’ எனலாமெனில், ‘ஒரு கோடியில்’ என்பது எண்ணுப்பெயரோடு மயங்கும்! இடத்தையே சுட்டி, ‘கவசத்தைக் கட்டுப்பாட்டறைப் பக்கம் மட்டும் நிலத்தோடு இணைக்க, கருவிப் பக்கம் இணைக்காமல் காப்பிட்டு விடுக’ என்று பெயர்ப்பதே தக்கது. மூலத்தினும் தொடர் நீளும், நீளட்டும்.