தோள்வலியும் படிவம் எஃப்-உம்

ஆஸ்பத்திரிக்குள் ஒரு நடை – 14

சென்ற வாரம் எக்ஸ்ரே அறையில், ஈயக் கவசத்தை ஆணியில் மாட்டிவிட்டு வேலை பார்ப்பவர்களைப் பார்த்தோம். அடுத்த கதவு அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு கிடையாது என்பதால் இங்கே யாருக்கும் பயமும் கிடையாது. வயிற்றுப் பிள்ளையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரிதான். ஆனாலும் முதல் மூன்று மாதத்தில், “துடிப்புச் சத்தம் கேட்கணும் டாக்டர்” என்று ஆசைப்படுகிறார்களே என்பதற்காக டாப்ளரைப் போட்டுக் காட்டுவது வேண்டாத வேலை. டாப்ளர் ஒரே இடத்தில் அதிக சக்தியைப் பாய்ச்சும், திசு சூடாகும். துடிப்பை எண்ண அதே மெஷினில் உள்ள ‘எம்-மோடு’ என்ற முறையே போதும்.

மெஷினுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் பாடுதான் கவலைக்கிடம். வலது கையில் புரோப், இடது கை கீபோர்டில், கழுத்து மானிட்டர் பக்கம் திரும்பியபடி. பருமனான வயிறு என்றால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கை உடம்பைவிட்டு விலகி அந்தரத்தில் நிற்கும். காலையிலிருந்து மதியம் வரை இதே கோலம். தோள், கழுத்து, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாக மக்கர் செய்ய ஆரம்பிக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வலியோடுதான் வேலை செய்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன.

பரிகாரம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நோயாளியைக் கட்டிலின் விளிம்புவரை நகர்ந்து படுக்கச் சொல்லலாம். மேல்கை உடம்பிலிருந்து 30 டிகிரிக்கு மேல் விலகாமல் பார்த்துக்கொள்ளலாம். முழங்கைக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைக்கலாம். புரோப்பை இறுக்கிப் பிடிக்காமல் இருக்கலாம். கட்டிலும் நாற்காலியும் ஏறி இறங்குகிற வகையாக இருந்தால் பாதி வலி தீரும். ஆனால் பல லட்சம் போட்டு மெஷின் வாங்கும் முதலாளி, கட்டிலுக்கு மட்டும் பழைய இரும்புக் கடைக்குப் போவார்.

அறைக்கு வெளியே டோக்கனோடு காத்திருப்பவர்களுக்கு வேறு அவஸ்தை. தண்ணீர் குடித்துவிட்டு உட்காரச் சொல்லியிருப்பார்கள்.

“அக்கா, ரொம்ப முட்டுது.”

“இன்னும் ரெண்டே பேர்தாம்மா, அடக்கிக்கோ.”

அந்த இரண்டு பேர் ஐந்து பேராவது அன்றாடக் காட்சி. உள்ளே போனதும் சில்லென்று ஜெல். பெரிய கேனிலிருந்து பாட்டிலுக்கு ஊற்றி, தீரும் முன்பே மறுபடி நிரப்பிக்கொண்டே இருப்பது இங்கே வழக்கம். கிருமி குடியேற இதைவிட வசதி வேண்டாம். 2021-இல் அமெரிக்காவில் கிருமி கலந்த ஸ்கேன் ஜெல்லால் நோயாளிகளுக்கு ரத்தத்தொற்றே வந்தது. அங்கே பாட்டில் தயாரிப்பிலேயே கெட்டிருந்தது. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனுக்கு இன்னும் கவனம் தேவை. முதலில் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், கூடவே ஒரு பெண் அட்டெண்டர் நிற்க வேண்டும். உறை மாட்டியாயிற்று என்று புரோப்பைத் துடைத்து வைத்தால் போதாது. உறை கிழியும். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் அதைக் கிருமிநாசினியில் உரிய நேரம் ஊறவைக்க வேண்டும். பத்து பேர் வாசலில் நிற்கும்போது அந்த நேரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

இதைவிடக் கொடுமை, துடிப்பு தெரியாதபோது விழுகிற மௌனம். டாக்டரின் கை ஒரே இடத்தில் நிற்கும். படுத்திருப்பவளுக்கு அப்போதே புரிந்துவிடும். பிரிட்டனின் வழிகாட்டுதலில், கரு 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து துடிப்பு இல்லாவிட்டாலும், இரண்டாவது ஒருவர் பார்க்க வேண்டும், அல்லது ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். இங்கே “ரிப்போர்ட்டை உங்க மேடம்கிட்ட காட்டும்மா” என்று கவரைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பல நேரம் விஷயம் வெளியே நிற்கும் மாமியாருக்குத்தான் முதலில் போகிறது. வயிறு யாருடையதோ அவளிடம், உட்காரவைத்து, முதலில் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம் ஆகும்.

இரண்டு நிமிடம் ஏன் இல்லை? அனுப்பிவைக்கும் டாக்டருக்கு ஒரு ‘கட்’ போகிறது. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் இதைத் தடை செய்தும் நிற்கவில்லை. மிச்சக் காசில் கட்டுப்படியாக, கேஸ்களைக் கூட்ட வேண்டும். தோள்வலி, அவசரம், மௌனம் மூன்றுக்கும் ஊற்றுக்கண் அதுவே என்பது என் கட்சி.

படிவம் எஃப்-க்கும் அதே கதி. 1994-இல் இயற்றி 1996 முதல் அமலுக்கு வந்த பாலினத் தெரிவுத் தடைச் சட்டப்படி, ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் இந்தப் பதிவுப் படிவத்தை நிரப்ப வேண்டும். மாலையில் மொத்தமாக உட்கார்ந்து, ஞாபகத்தில் இருப்பதை எழுதுகிற இடங்கள் உண்டு. நிரப்பாமல் விடுவது வெறும் எழுத்துப்பிழை ஆகாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டாக்டர்களுக்கு அதில் கோபம். ஒரு கட்டம் விட்டுப்போனதற்கு மெஷினுக்கு சீல் வைப்பதா என்கிறார்கள். கோபத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் 1991-இல் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 945 ஆக இருந்த பெண் குழந்தைகள், 2011-இல் 919 ஆகக் குறைந்த நாட்டில், எந்தக் கட்டத்தை விடலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை அவர்களிடம் தர எனக்கு மனம் வரவில்லை.

பெண்ணா பையனா என்று டாக்டரிடம் நேராகக் கேட்பவர்கள் குறைவு. தாழ்வாரத்தில் அட்டெண்டரைத்தான் பிடிப்பார்கள். “வாயால சொல்ல வேணாம்க்கா, ஜாடை காட்டுங்க போதும்.” கையில் ஐந்நூறு ரூபாய் மடிப்பு. சொல்லாலோ சைகையாலோ வேறெந்த வகையிலோ தெரிவிக்கக் கூடாது என்ற தடை, டாக்டர் மட்டுமில்லை, எவருக்கும் பொருந்தும். அறிவிப்புப் பலகை சுவரில் தொங்குகிறது. அதை உட்கார்ந்து விளக்கிச் சொன்ன டாக்டர் யாராவது உண்டா என்று அட்டெண்டர்களைக் கேட்டால், தண்ணீர் குடிக்கச் சொல்வது, டோக்கன் கூப்பிடுவது, ஜெல் நிரப்புவது என்று தங்களுக்குக் கற்றுக்கொடுத்ததை வரிசையாகச் சொல்கிறார்கள்.

(தொடரும்)