ஒரே தோற்றம், வேறு வேறு கட்டிகள்

வயிற்றில் கட்டி என்று எண்டோஸ்கோப்பி வழியே சதைத்துணுக்கு எடுத்து, அறிக்கையும் வந்துவிடுகிறது. அதில் "கதிர் வடிவ செல் கட்டி, ஐ.எச்.சி. பரிசோதனை தேவை" என்று இருக்கும். "அப்படியானால் முதல் பரிசோதனை சரியில்லையா, டாக்டர்?" என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்பது வழக்கம். முதல் பரிசோதனை சரியானதே. அதனால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

மென்திசுக் கட்டிகள் பலவும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும். தசையில் தோன்றியதா, நரம்பு உறையில் தோன்றியதா என்பதை வடிவம் மட்டும் காட்டிக்கொடுக்காது. ஆனால் செல்கள் தத்தம் வகைக்குரிய புரதங்களைத் தாங்கியிருக்கும். தசைச் செல்லில் டெஸ்மின். நரம்பு உறைச் செல்லில் எஸ்-100. குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியை ஸ்லைடின் மீது இட்டு, ஒட்டிய இடம் பழுப்பு நிறமாகத் தெரியச் செய்வதே ஐ.எச்.சி. பரிசோதனை. ஒரே புரதத்தை நம்பி நாங்கள் முடிவு கூறுவதில்லை. பல புரதங்களைச் சேர்த்துப் பார்ப்பதால்தான் நாள்கள் கூடுகின்றன.

இதனால் சிகிச்சையே மாறும் என்பதற்கு 'ஜிஸ்ட்' எனும் இரைப்பை, குடல் கட்டி சான்று. பல ஆண்டுகள் இதனை மென்தசைக் கட்டி என்றே எண்ணினர். வழக்கமான கீமோதெரபிக்கு இது பெரும்பாலும் அசைந்து கொடுக்கவில்லை. 1998 இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோட்டாவும் குழுவினரும் இக்கட்டிகளில் 'கிட்' என்னும் புரதத்தையும், அதன் மரபணுவில் பிறழ்வையும் கண்டனர். அறிக்கையில் சி.டி.117 என்று காண்பது இப்புரதமே. குடல் அசைவுக்குத் தாளம் கொடுக்கும் காஹால் செல்களிலும் இது உண்டு. ஆகவே கட்டியின் மூலம் தசையன்று, அவ்வகைச் செல்லே என்ற கருத்து வலுப்பெற்றது. பிறழ்வால் ஓயாது இயங்கும் அப்புரதத்தை இமாட்டினிப் மாத்திரை தடுக்கிறது. 2000 இல் பின்லாந்தில் நோய் பரவிய பெண்மணி ஒருவருக்கு இதனைக் கொடுத்தபோது கட்டிகள் சுருங்கின.

இம்மருந்தின் கதையில் நம் ஊருக்கும் பங்குண்டு. இதன் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006 இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் தயாரிக்கும் மாத்திரை இன்று எளிய குடும்பங்களுக்கும் எட்டுவது அதனால்தான். ஆயினும் கட்டியின் பெயர் சரியாகத் தெரியாதவரை அம்மாத்திரையை எழுதித் தர எங்களால் இயலாது.

ஐ.எச்.சி.க்குப் பெரும்பாலும் மீண்டும் துணுக்கு எடுக்க வேண்டியதில்லை. முன்பு எடுத்தது மெழுகில் பதிக்கப்பட்டு, 'பிளாக்' என்ற பெயரில் ஆய்வகத்தில் இருக்கும். பெரம்பூரிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ, சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனைக்கோ செல்வோர் பலர் அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துச் செல்கின்றனர். பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கேட்டுப் பெற்றுச் செல்லுங்கள். அங்கே கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அவற்றை விட்டுவிட வேண்டா, மெழுகு இளகும். மரபணுப் பரிசோதனையும் அதே பிளாக்கிலிருந்துதான் நடைபெறும். நாளுக்கு 400 மில்லிகிராம் போதுமா, கூட்ட வேண்டுமா, இம்மருந்து பலிக்காத அரிய வகையா என்பது அதில் தெரியவரும்.