நம் கடைக்கு உப்பு தரும் துறைமுகம்

இண்டூரில் நம் கடை வாசலில் இறங்கும் கல்லுப்பு மூட்டைகளில் பெரும்பாலும் தூத்துக்குடி என்றே அச்சிட்டிருக்கும். மூட்டையைப் பிரித்து விற்கிறோமே தவிர, அந்த ஊரின் கதையை நம்மில் பலர் கேட்டதில்லை.

தூத்துக்குடிக் கரையில் கடல் ஆழமில்லை. அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரமிட்டு நிற்கும். பஞ்சுப் பொதி முதல் நிலாவரை இலை வரை தோணியில் போய்த்தான் கப்பல் ஏறும். இந்தக் குறையோடும், முத்துக்காக முதலில் போர்த்துகீசியர், 1658இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக அந்த ஊரைப் பிடித்தார்கள். முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்யும் மக்ரூன், போர்த்துகீசியர் விட்டுப்போன பண்டம் என்பார்கள். நாம் ஒருமுறை வரவழைத்து விற்றுப் பார்த்தோம். பாதி வழியிலேயே தூளாகிவிட்டது.

ரயில் வந்தபின் கொழும்புக்குப் போகிற சரக்கும் ஆட்களும் அங்கே குவிந்தார்கள். அந்தத் தடத்தில்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என இரண்டு கப்பல்கள் ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது. இலவசமாகவே ஏற்றிக்கொள்ளவும் முன்வந்தது என்பார்கள். கொள்முதலுக்கும் கீழே எண்ணெய் விற்கும் பெரிய கடைகளை இன்று பார்க்கிற நமக்கு இந்தக் கணக்கு புரியாததல்ல. ஆனால் அவருக்கு எதிரே விலை மட்டுமா நின்றது? சர்க்காரும் நின்றது. 1908இல் அவர் சிறைக்குப் போனார். 1911இல் கம்பெனி கலைந்தது.

1912 டிசம்பரில் விடுதலையானபோது வக்கீல் சன்னத்தும் கையில் இல்லை. சென்னையில் மளிகைக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் வைத்துப் பிழைத்தார். கப்பல் வாங்கியவர் நம்மைப்போல் தராசு பிடித்தார் என்பதைச் சங்கத்து இளைஞர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1974இல் அது பெருந்துறைமுகம் ஆயிற்று, 2011இல் வ.உ.சி. பெயர் பெற்றது. உப்பு விளைச்சலில் நாட்டில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடியுடையது. வெயில் உள்ளவரைதான் உப்பளம். வடகிழக்குப் பருவமழை வந்தால் வேலை நிற்கும். 2023 டிசம்பர் பெருமழையில் அம்பாரமாகக் குவித்திருந்த உப்பும் கரைந்து போயிற்று. அதிலிருந்து நாம் புரட்டாசி முடிவதற்குள் கூடுதலாக ஒரு லோடு இறக்கி, கிடங்கில் பலகை போட்டு அடுக்கிவிடுகிறோம்.