சேவலுக்கு ஒரு நடுகல்

முகையூர் மேற்சேரிக்காகப் போரிட்டது ஒரு சேவல். அதற்கு ஊரார் கல் நட்டு, உருவத்தைச் செதுக்கி, பழைய வட்டெழுத்தில் விவரமும் பொறித்தார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் கிடைத்த அந்த நடுகல் 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள் கல்வெட்டு அறிஞர்கள். இந்தளூரிலும் ஒரு சேவல் நடுகல் உண்டு. அந்தச் சேவலுக்குப் பொற்கொற்றி என்று பெயரே இருந்திருக்கிறது. ஆநிரை மீட்டு மாண்ட மறவனுக்குக் கிடைத்த அதே மரியாதை!

விழுப்புரத்தைச் சூழ்ந்த நடுநாட்டில் பறவை உருவம் செய்தவர்கள் அழகிலிருந்து தொடங்கவில்லை. காலத்தில் இன்னும் பின்னால் போனால் அதே பகுதியின் கீழ்வாலைப் பாறை. அங்கே செங்காவியில் தீட்டிய மனிதர்களுக்குப் பறவை முகம். முகமூடியா, சடங்கா, வேறு ஏதாவதா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. வரைந்தவனுக்குப் பறவையைப் பார்த்தால் போதவில்லை, பறவையாகிவிட வேண்டும் என்றிருந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கோயிலுக்குள் வந்ததும் பறவைக்கு வேலை வந்துவிட்டது. மயில் முருகனைச் சுமக்கிறது, கருடன் பெருமாளை, அன்னம் பிரமனை. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தில் தோகை எவ்வளவு நுணுக்கமாக விரிந்தாலும், வாகன மயிலின் முதுகு சாமிக்குத்தான்.

யாரையும் சுமக்காத பறவை வேண்டுமென்றால் புதுக்கோட்டைப் பக்கம், சித்தன்னவாசலுக்குப் போக வேண்டும். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் புதுப்பித்த சமணக் குடைவரை அது. அதன் விதானத்துத் தாமரைக் குளத்தில் அன்னமும் மீனும் யானையும் எருமையும் கலந்து கிடக்கின்றன. குளத்துக்குள் இறங்கிய ஆட்களின் கையில் தாமரை இருக்கிறது. வலையோ கண்ணியோ இல்லை. கொல்லாமையை நோன்பாகக் கொண்டவர்களின் குளத்தில் பறவைக்கு அச்சம் எதற்கு? பாரதி சிட்டுக்குருவியைக் காட்டி விடுதலை பாடியதற்கும், 1949இல் பாரிஸ் அமைதி மாநாட்டுச் சுவரொட்டியில் பிக்காசோவின் புறா ஏறியதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓவியம் இது.

ஆனாலும் பள்ளி ஓவியப் போட்டிகளில் விடுதலை என்று தலைப்புக் கொடுத்தால், கூண்டுக் கதவு திறந்து வெள்ளைப் புறாதான் பறக்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கரும்பலகையில் வாத்தியார் வரைந்து காட்டியது அதைத்தான். அடுத்த ஆண்டு சித்தன்னவாசல் குளத்தின் படம் ஒன்றை வகுப்பில் மாட்டிவிட்டு அதே தலைப்பைக் கொடுத்துப் பார்க்கலாமே.