மின்னூட்டத்தில் சிக்கும் கொழுப்பு

2022 ஜூலையில் பிரிட்டனின் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. கொரோனா வந்துபோன பிறகும் மாதக்கணக்கில் களைப்பு நீங்காதவர்கள், ரத்தத்தைக் கழுவித் தருவதாகச் சொல்லும் தனியார் மருத்துவமனைகளைத் தேடி ஜெர்மனிக்கும் சைப்ரஸுக்கும் போனார்கள், சேமிப்பையெல்லாம் கரைத்தார்கள் என்றது அந்தச் செய்தி. அந்த நோய்க்கு இந்தச் சிகிச்சை உதவும் என்பதற்கு முறையான சான்று இல்லை. ஆனால் ரத்தம் கழுவும் இயந்திரம் போலியல்ல. கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து நீக்குவதற்காக உருவானது அது. அது வேலை செய்யும் விதம் எந்த விளம்பரத்தையும்விடச் சுவையானது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1975இல் லண்டனில் கில்பர்ட் தாம்சன் குழுவினர், பரம்பரையாக மிகையான கொழுப்புள்ள நோயாளிகளின் பிளாஸ்மாவை அப்படியே எடுத்துவிட்டு மாற்றுத் திரவம் செலுத்தினார்கள். கெட்டதோடு நல்லதும் போனது. எல்.டி.எல்.லை மட்டும் பிரிக்கும் வழிகள் 1980களில் வந்தன. அவற்றில் ஜப்பானில் உருவான டெக்ஸ்ட்ரான் சல்பேட் முறைதான் என் மனதைக் கவர்ந்தது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்த குழந்தைக்குக் கல்லீரலில் எல்.டி.எல்.லைப் பிடித்து நீக்கும் ஏற்பி சரியாக இயங்காது. கொழுப்பு ரத்தத்திலேயே சுற்றும். அளவு டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டலாம். பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரலாம். ஏற்பியின் பிடிக்கும் பகுதியில் எதிர்மின் தன்மையுள்ள அமினோ அமிலங்கள் நெருங்கி நிற்கின்றன. எல்.டி.எல். துகளைச் சுற்றியிருக்கும் அப்போ-பி புரதத்தில் நேர்மின் திட்டு ஒன்று உண்டு. இரண்டும் ஒட்டிக்கொள்ளும். டெக்ஸ்ட்ரான் சல்பேட் பூசிய மணிகளும் எதிர்மின் தன்மை கொண்டவையே. உடலில் இல்லாத ஏற்பியின் வேலையை, உடலுக்கு வெளியே ஒரு குழாயில் அடைத்த மணிகள் செய்கின்றன!

வேட்டியோடு வரப்பில் நடந்தால் நாயுருவி ஒட்டுமே, அதே கதைதான். வேட்டி எதையும் தேடிப் பிடிப்பதில்லை. கொக்கி உள்ளது ஒட்டும், இல்லாதது நழுவும். நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லில் அந்த நேர்மின் கொக்கி இல்லை. நெல்மணிபோல உரசிவிட்டு விழுந்துவிடுகிறது. வேட்டி நிறைந்துவிட்டால் மேலும் ஒட்டாது, உட்கார்ந்து பிடுங்க வேண்டும். இயந்திரத்தில் இரண்டு குழாய்கள் இருப்பது இதனால்தான். ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்றை அடர்ந்த உப்புநீர் அலசுகிறது. உப்பின் அயனிகள் இடையில் புகுந்து பிடியைத் தளர்த்துகின்றன. நாயுருவியோடு நாம் கேட்காத ஒட்டுப்புல்லும் வரும். ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜனும் ஓரளவு அப்படிச் சிக்குகிறது. வேட்டி உரசிய வேகத்தில் புல்லுக்குள் இருந்த பூச்சிகள் கிளம்புவதும் உண்டு. எதிர்மின் பரப்பைத் தொட்டதும் பிளாஸ்மாவில் ஒரு புரதச் சங்கிலி விழித்துக்கொள்கிறது. முடிவில் பிராடிகைனின் பிறக்கிறது.

இந்தப் பிராடிகைனின் ரத்தக்குழாயின் உட்படலத்தைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கவைக்கும், குழாய் விரியும். ஃபைப்ரினோஜனும் எல்.டி.எல்.லும் குறைவதால் பிளாஸ்மா இளகி ஓடும். ஒரே ஒரு முறை சிகிச்சை செய்த பிறகே முன்கை ரத்தக்குழாய்கள் நன்றாக விரிந்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள். கால் ரத்தக்குழாய் அடைப்புக்கும் அந்த நாட்டில் இது பயன்படுகிறது. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் பிராடிகைனின் சிதைவதைத் தடுப்பவை. அவற்றை விழுங்கிவிட்டு இந்தச் சிகிச்சைக்குப் படுத்தால் அழுத்தம் அபாயகரமாகச் சரியும்.

திசுக்களை வளரத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளின் கதையையும் பார்ப்போம். கால் அடைப்பு நோயாளிகளிடம் வி.இ.ஜி.எஃப்., ஐ.ஜி.எஃப்.-1 இரண்டும் சிகிச்சைக்குப் பின் உயர்ந்ததாக 2003இல் ஒரு ஜப்பானியக் குழு எழுதியது. வி.இ.ஜி.எஃப். புதிய நுண்குழாய்களை முளைக்கவைப்பது. ‘புது ரத்தக்குழாய் வளர்கிறது’ என்று துள்ளிக் குதிப்பதற்கு முன்னால் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ரத்தம் உறையாதிருக்கப் பொதுவாக ஹெப்பாரின் கொடுக்கிறார்கள். குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் சில வளர்ச்சிக் காரணிகளை ஹெப்பாரினே பெயர்த்து ரத்தத்தில் விடக்கூடியது. ரத்தத் தட்டணுக்களுக்குள்ளும் வி.இ.ஜி.எஃப். உண்டு, மாதிரி எடுக்கையில் அவை உடைந்தாலே எண் ஏறும். ரத்தத்தில் அளவு கூடினால் உடல் கூடுதலாகச் சுரக்கிறது என்று ஆகாது. இதய நோயாளிகளுக்கு வி.இ.ஜி.எஃப்.பையே நேரடியாகச் செலுத்திய விவா ஆய்வில், 60ஆம் நாளில் அது பொய்மருந்தை வெல்லவில்லை.

என்னை அதிகம் நம்பவைப்பது வேறொரு ஆய்வு. ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற கர்ப்பகால நோயில் நஞ்சுக்கொடி ஒரு புரதத்தை அளவுமீறிச் சுரந்து, வி.இ.ஜி.எஃப்.பைச் சிறைபிடிக்கிறது. அந்தப் புரதத்துக்கும் நேர்மின் தன்மை உண்டு! கொழுப்புக்காகச் செய்த அதே மணிகளில் அதுவும் ஒட்டியது. குறைமாதத்திலேயே நோய் கடுமையாகிவிட்ட 11 பெண்களுக்கு இந்தச் சிகிச்சை அளித்த ஆய்வு 2016இல் வெளியானது. ஒரு முறை சிகிச்சை பெற்றவர்களின் கர்ப்பம் சராசரியாக 8 நாள் நீடித்தது. பலமுறை பெற்றவர்களுக்கு 15 நாள். ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட, சிகிச்சை பெறாதவர்களுக்கு 3 நாள். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வல்ல, ஆட்களும் குறைவு. ஆதலால் இது தொடக்கம் மட்டுமே. ஆனால் எது ஒட்டுகிறது, ஏன் ஒட்டுகிறது என்பது தெளிவாக இருக்கிறது. ரத்தக் கழுவல் வியாபாரத்தில் எனக்குக் கிடைக்காதது இந்தத் தெளிவுதான்.

கொழுப்பு நோயாளிக்கும் இது தீர்வு அல்ல, தவணை. ஒரு அமர்வில் எல்.டி.எல். 60 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலும் இரண்டு வாரத்துக்குள் ஏறிவிடும். வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் படுக்க வேண்டும். ஏற்பி இல்லாமலே வேலை செய்யும் எவினாகுமாப் போன்ற மருந்துகள் இப்போது வந்துவிட்டன. விலைதான் எட்டாத உயரம்.

உங்கள் குழந்தையின் முழங்கையிலோ முட்டியிலோ விரலிடுக்கிலோ மஞ்சள் நிறத்தில் வலியில்லாத தடிப்புகள் தெரிந்தால், மருவென்று விட்டுவிடாதீர்கள், இந்தப் பரம்பரைக் கொழுப்பு நோயின் அடையாளமாக இருக்கலாம். உடனே கொழுப்பின் அளவைப் பரிசோதியுங்கள்.